மைக்கலாஞ்சலோவைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது?

எல்லோருக்கும் வணக்கம். பெற்றோர்கள், ஆசிரியர்கள், நூலகத்தில் வேலை செய்கிறவர்கள் என்று கலந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். சுற்றி வளைக்காமல் நேராகவே சொல்லிவிடுகிறேன். பெரிய மனிதர்களின் வாழ்க்கையைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது நம்மிடம் ஒரு கெட்ட பழக்கம் இருக்கிறது. கதை பாதியில் இருக்கும்போதே, "பார்த்தியா, அவர் எவ்வளவு கஷ்டப்பட்டு மேலே வந்தார், நீயும் இருக்கியே" என்று போட்டுவிடுவோம். அந்த நிமிடமே பிள்ளைக்குக் கதை செத்துப்போகிறது. அடுத்த தடவை ஒரு பெரிய ஆளின் பெயரை எடுத்தாலே, நமக்கு இன்றைக்கு என்ன திட்டு காத்திருக்கிறதோ என்று அது முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் இத்தாலியில் வாழ்ந்த சிற்பி, ஓவியர் மைக்கலாஞ்சலோவை அந்த மாதிரி பாழாக்க வேண்டாம் என்று கேட்கத்தான் வந்திருக்கிறேன். அவரை ஒரு முழு மனிதராக, கோபமும் அழுக்கும் பிடிவாதமும் பாசமும் உள்ள ஆளாகவே பிள்ளைகளிடம் கொண்டுபோகலாம்.

பிறந்த தேதி 1475 மார்ச் 6. அது இருக்கட்டும், அதில் தொடங்காதீர்கள். கல்லில் தொடங்குங்கள். இத்தாலியில் ஃபிளாரன்ஸ் நகரத்துக்குப் பக்கத்தில் செத்திஞானோ என்று ஒரு ஊர், கல் வெட்டிப் பிழைக்கிறவர்களின் ஊர். கைக்குழந்தையாக இருந்த அவரை அங்கே ஒரு செவிலித்தாயிடம் விட்டு வளர்த்தார்கள். அந்த அம்மாவின் அப்பாவும் கல்தச்சர், கணவரும் கல்தச்சர். பின்னாளில், சுத்தியலையும் உளியையும் அந்தப் பாலோடு சேர்த்தே குடித்துவிட்டேன் என்று வேடிக்கையாகச் சொல்வாராம். பெற்ற தாய் அவருக்கு ஆறு வயதாகும்போது இறந்துவிட்டார். அப்பாவுக்குக் கையில் காசு இல்லை, ஆனால் குடும்ப கௌரவம் மட்டும் நிறைய. பையன் படம் வரைகிறான் என்று அப்பாவும் சித்தப்பா பெரியப்பாக்களும் சேர்ந்து அடித்திருக்கிறார்கள். இதைப் பிள்ளைகளிடம் மறைக்க வேண்டியதில்லை. அதே அப்பாதான் 1488-ல், பதின்மூன்று வயதில், கிர்லாந்தாயோ என்ற ஓவியரின் பட்டறையில் கொண்டுபோய்ச் சேர்த்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அப்புறம் கடைசி வரை அந்தக் குடும்பத்துக்குப் பணம் அனுப்பிக்கொண்டிருந்தது இந்தப் பையன்தான்.

பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கிற இடம் பல் கதை. ஃபிளாரன்ஸின் பெரிய செல்வந்தர் லொரென்சோ தெ மெதிச்சியின் தோட்டத்தில் பழைய சிலைகளைப் பார்த்துப் பழகிக்கொண்டிருந்தபோது, பையன் ஒரு கிழட்டு வனதேவனின் தலையைச் செதுக்கினான். லொரென்சோ பார்த்துவிட்டு, "கிழவன் என்கிறாய், எல்லாப் பல்லும் அப்படியே இருக்கிறதே, வயதானவர்களுக்கு ஒன்றிரண்டு விழுந்திருக்காதா?" என்று கேலி செய்தார். அவர் நகர்ந்ததும் பையன் ஒரு பல்லைத் தட்டி எடுத்துவிட்டு, ஈறிலே வேரோடு விழுந்த மாதிரி குழியும் போட்டுவிட்டான். லொரென்சோ அசந்துபோய் அவனைத் தன் வீட்டிலேயே தங்கவைத்துக்கொண்டார். இதைச் சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள், பிள்ளைகளே ஆளாளுக்கு ஆடுகிற பல்லைக் காட்ட ஆரம்பித்துவிடுவார்கள்.

அதே காலத்தில் கூடப் படித்த டொரிஜானோ என்ற பையன் ஓங்கிக் குத்தியதில் இவர் மூக்கு உடைந்து, சாகும்வரை சப்பை மூக்கோடுதான் இருந்தார். மற்றவர்கள் வரைந்ததை இவர் கிண்டல் செய்துகொண்டே இருந்ததால்தான் குத்தினேன் என்பது டொரிஜானோவின் கட்சி. யார் பக்கம் நியாயம் என்று பிள்ளைகளே பேசிக்கொள்ளட்டும், நீங்கள் தீர்ப்புச் சொல்லாதீர்கள். 1494 ஜனவரியில் ஃபிளாரன்ஸில் பனி கொட்டியபோது, லொரென்சோவின் மகன் பியேரோ இவரைக் கூப்பிட்டு அரண்மனை முற்றத்தில் பனியிலேயே ஒரு சிலை செய்யச் சொன்னார். செய்தார். உருகிப்போனது. உலகத்தின் மிகப் பெரிய சிற்பி செய்த ஒரு சிலை தண்ணீராக ஓடிப்போயிற்று என்றால், அது எப்படி இருந்திருக்கும் என்று ஒவ்வொரு பிள்ளையும் ஒரு படம் வரைந்து காட்டும்.

டேவிட் சிலைக்கு வருவோம். பைபிளில் கோலியாத் என்ற ராட்சதனை வீழ்த்திய பையன்தான் டேவிட். கராராவிலிருந்து கொண்டுவந்த அந்தப் பளிங்குப் பாறையில் 1464-ல் ஒரு சிற்பி கைவைத்துவிட்டு விட்டுவிட்டார், பிறகு இன்னொருவரும் விட்டுவிட்டார். மழையிலும் வெயிலிலும் பல வருஷம் கிடந்த கல். உயரம் இருந்ததே தவிர அகலம் போதாது, ஏற்கெனவே கொத்திக் கெடுத்தும் வைத்திருந்தார்கள். 1501-ல், 26 வயதில் மைக்கலாஞ்சலோ அதை ஏற்றுக்கொண்டு, யாரும் எட்டிப் பார்க்காதபடி சுற்றிலும் மறைப்புக் கட்டிவிட்டு வேலையில் இறங்கினார். முடிந்தபோது உயரம் 5.17 மீட்டர். வேலை செய்த இடத்திலிருந்து நகரச் சதுக்கத்துக்கு நடந்தால் பத்து நிமிடம் ஆகாது, ஆனால் 1504 மே மாதம் மரச்சட்டத்துக்குள் கட்டித் தொங்கவிட்டு, எண்ணெய் பூசிய உத்தரங்களின் மேல் நாற்பதுக்கும் மேற்பட்ட ஆட்கள் தள்ளிக் கொண்டுபோய்ச் சேர்க்க நான்கு நாள் ஆயிற்று. வெளியே எடுக்க வாசல் சுவரையே இடிக்க வேண்டியிருந்தது. முதல் நாள் இரவே சிலர் சிலையின் மேல் கல்லெறிந்தார்கள், காவல் போட்டார்கள். நகரத் தலைவர் சொதெரினி வந்து பார்த்துவிட்டு "மூக்கு கொஞ்சம் தடிமனாக இருக்கிறதே" என்றாராம். இவர் உளியோடு கைநிறையப் பளிங்குத் தூளையும் எடுத்துக்கொண்டு மேலே ஏறி, செதுக்குகிற மாதிரி தட்டித் தட்டித் தூளைக் கொட்டியிருக்கிறார். மூக்கைத் தொடவே இல்லை. "இப்போதுதான் உயிர் வந்தது" என்று கீழேயிருந்து பாராட்டு! அவருடைய நண்பர் வசாரி எழுதிவைத்த கதை இது, பத்து வயதுப் பிள்ளைக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

சரி, இங்கே பலர் மனதில் ஓடுகிற கேள்விக்கும் வந்துவிடுகிறேன். சிலையில் துணி இல்லை. அமெரிக்காவில் ஃபுளோரிடாவில் பிள்ளைகளுக்கு இந்தச் சிலையைக் காட்டிய விவகாரத்தில், 2023-ல் ஒரு பள்ளி முதல்வர் பதவியையே விட வேண்டியதாயிற்று. என் கருத்து தெளிவானது: காட்டுங்கள். பிள்ளைகள் ஒரு நிமிடம் சிரிப்பார்கள், சிரித்து முடிக்கட்டும். பிறகு வலது கையைப் பார்க்கச் சொல்லுங்கள். உடம்புக்குச் சற்றுப் பெரிய கை, புறங்கையில் நரம்பு புடைத்திருக்கிறது, விரல்கள் உள்ளே மடங்கியிருக்கின்றன. முகத்தைப் பார்த்தால் புருவம் நெறிந்திருக்கிறது. கோலியாத்தை வெட்டிய பிறகு வென்று நிற்கிற டேவிட்டாக மற்றவர்கள் காட்டியிருந்தார்கள், இது சண்டைக்கு முன்னால் எதிரியை அளந்து பார்க்கிற பையன் என்று பலர் சொல்வார்கள். "இவன் பயந்திருக்கிறானா, இல்லையா?" என்று மட்டும் கேளுங்கள். வகுப்பு முழுக்கப் பேசும்.

ரோமில் போப்பின் வத்திக்கானில் உள்ள சிஸ்டைன் சிற்றாலயத்தின் கூரையில் அவர் வரைந்த ஓவியத்தைப் பற்றி எல்லாரும் ஒரு தப்பைச் சொல்லிக்கொடுக்கிறார்கள், அதைத் திருத்தியே ஆக வேண்டும். மேஜைக்கு அடியில் காகிதத்தை ஒட்டிப் பிள்ளைகளைப் படுக்கவைத்து வரையச் சொல்வது பல பள்ளிகளில் நடக்கிறது. அவர் படுத்துக்கொண்டு வரையவில்லை. 1508-லிருந்து 1512 வரை, தரையிலிருந்து ஏறக்குறைய 20 மீட்டர் உயரத்தில், தானே திட்டமிட்ட சாரத்தின் மேல் நின்றுகொண்டு, தலையைப் பின்னால் சாய்த்துக் கையை மேலே தூக்கி வரைந்தார். அந்த வேதனையை ஒரு கவிதையாகவே நண்பருக்கு எழுதியிருக்கிறார்: கழுத்தில் கழலை வந்துவிட்டது, தாடி வானத்தைப் பார்க்கிறது, தூரிகையிலிருந்து சொட்டுகிற வண்ணம் முகத்தைத் தரைபோல ஆக்கிவிட்டது, நான் ஓவியனே இல்லை என்று. ஓரத்தில் நின்றபடி மேலே வரைகிற ஒரு குட்டி மனிதனையும் கிறுக்கியிருக்கிறார். ஆகவே, தலைக்கு மேலே எட்டுகிற உயரத்தில் சுவரில் காகிதத்தை ஒட்டிப் பிள்ளைகளை ஐந்து நிமிடம் வரையச் சொல்லுங்கள். தோள் வலி மற்றதைச் சொல்லிக்கொடுக்கும்.

அங்கே அவர் செய்தது ஈரச் சுண்ணாம்புச் சாந்தில் வரைகிற வேலை. அன்றைக்கு எவ்வளவு வரைய முடியுமோ அவ்வளவு இடத்துக்கு மட்டும் சாந்து பூசி, அது காய்வதற்குள் வண்ணத்தை ஏற்றிவிட வேண்டும். காற்று பட்டுச் சுண்ணாம்பு இறுகும்போது வண்ணம் அதோடு சேர்ந்து கல்லாகிவிடும். பிறகு திருத்த வேண்டுமென்றால் கொத்தி எடுத்துவிட்டுத்தான் திருத்த வேண்டும். தொடக்கத்தில், பைபிளில் வரும் பெருவெள்ளக் காட்சியில் பூஞ்சணம் பிடித்துவிட்டது. இவர் போப் இரண்டாம் ஜூலியஸிடம் போய், இது என் தொழில் இல்லை என்று முதலிலேயே சொன்னேனே என்று கைவிடப் பார்த்தார். சங்கல்லோ என்ற கட்டடக் கலைஞர்தான் வந்து பார்த்து, சாந்தில் தண்ணீர் அதிகம் என்று வழி சொன்னார். அந்த வெள்ளக் காட்சியில் ஆட்கள் சின்னச் சின்னதாக, நெருக்கியடித்துக்கொண்டு இருப்பார்கள். போகப்போக உருவங்கள் பெரிதாகின்றன. வெள்ளக் காட்சியையும் பிறகு வரைந்த ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். வீட்டில் செய்து பார்க்க ஆசைப்பட்டால் சுண்ணாம்பைக் கொடுக்காதீர்கள், கையைப் பொத்துவிடும். ஒரு தட்டில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊற்றி, ஈரம் காய்வதற்குள் வாட்டர் கலரில் வரையச் சொன்னால் போதும்.

அரசியலை வேகமாகக் கடந்துவிடலாம், ஒரு இடத்தைத் தவிர. ஃபிளாரன்ஸ் மக்கள் லொரென்சோவின் குடும்பமான மெதிச்சிகளை விரட்டியபோது இவர் மக்கள் பக்கம் நின்று கோட்டைச் சுவர் வேலையைப் பார்த்தார். 1530-ல் மெதிச்சிகள் திரும்பி வந்ததும் ஒளிந்துகொள்ள வேண்டியதாயிற்று. 1975-ல் சான் லொரென்சோ தேவாலயத்தில், மெதிச்சிகளின் கல்லறை மண்டபத்துக்குக் கீழே ஒரு குறுகிய அறை கண்டுபிடிக்கப்பட்டது. சுவரெல்லாம் கரியால் வரைந்த கால்கள், முகங்கள். அவர் ஒளிந்திருந்தபோது வரைந்தவை என்று பலர் கருதுகிறார்கள், எல்லாமே அவருடையவை அல்ல என்று மறுக்கிறவர்களும் இருக்கிறார்கள். 2023 நவம்பரிலிருந்து ஒரு தடவைக்கு நான்கு பேர் என்று உள்ளே விடுகிறார்கள். சுவரில் கிறுக்கித் திட்டு வாங்குகிற பிள்ளைக்கு இந்த அறையைக் கட்டாயம் சொல்லுங்கள்.

முதுமையை விட்டுவிடாதீர்கள், பிள்ளைகளுக்கு அது புரியாது என்று நினைப்பது தவறு. தாத்தா பாட்டியோடு வளர்கிற பிள்ளைக்கு நன்றாகவே புரியும். உர்பினோ என்று அழைக்கப்பட்ட அவருடைய வேலைக்காரர், 26 வருஷம் கூட இருந்தவர், நோயில் படுத்தபோது எண்பது வயதான மைக்கலாஞ்சலோ தானே பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டார். உர்பினோ இறந்ததும் இவர் எழுதிய கடிதத்தில் அழுகை தெரிகிறது. ஊரோடு சண்டை போட்ட மனிதர்தான் இதையும் செய்தார். எழுபது வயதுக்கு மேல் ரோமில் புனித பேதுரு பேராலயத்தின் கட்டட வேலைப் பொறுப்பைச் சம்பளம் வாங்காமல் ஏற்றார். 1564 பிப்ரவரி 18-ல், 88 வயதில் ரோமில் இறப்பதற்குச் சில நாள் முன்புவரை ஒரு சிலையில் வேலை செய்துகொண்டிருந்தார். இப்போது மிலானில் இருக்கிறது. அதில் உடம்போடு ஒட்டாமல் ஒரு கை மட்டும் தனியாக நிற்கும். முன்பு செதுக்கிய உருவத்தை மாற்றும்போது மிஞ்சிய கை அது. "இது யார் கை?" என்று கேட்காத பிள்ளை இருக்காது. உடலை ரோமிலிருந்து சரக்கு மூட்டைபோலக் கட்டி யாருக்கும் தெரியாமல் ஃபிளாரன்ஸுக்குக் கொண்டுபோனார்கள் என்பதையும் சொல்லுங்கள், கண் விரியும்.

கடைசியாக ஒன்று. 1518-ல் வந்த ஒரு கடிதத்தின் பின்பக்கத்தில் அவர் எழுதிய சாப்பாட்டுப் பட்டியல் ஃபிளாரன்ஸில் அவருடைய குடும்பப் பெயரில் உள்ள புவனரோத்தி இல்லத்தில் பத்திரமாக இருக்கிறது. ரொட்டி, மீன், கீரை, சூப், ஒயின் என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் படமும் போட்டிருக்கிறார், கடைக்குப் போகிற ஆளுக்கு எழுத்துத் தெரியாது என்பதால் இருக்கலாம் என்கிறார்கள். நாலு கோட்டில் ஒரு மீன், வளைவாக ஒரு கிண்ணம். அதன் பிரதிகளை வாசல் மேஜையில் வைத்திருக்கிறேன், ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வாரம் வீட்டுக்கு மளிகைச் சாமான் பட்டியலைப் பிள்ளையே படமாகப் போடட்டும். கடைக்காரருக்குப் புரிகிறதா என்று இரண்டு பேருமாகப் போய்ப் பாருங்கள்.