பெயருக்கு எத்தனை கட்டங்கள்?

நேயர்களுக்கு வணக்கம். இணையதளங்களை வடிவமைப்பது என் தொழில். அவற்றில் திணறுகிறவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து, வாய் திறக்காமல் பார்த்துக்கொண்டிருப்பது அதில் பாதி வேலை. அந்தப் பாதியைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

நாங்கள் செய்த ஒரு விண்ணப்பப் படிவத்தைச் சோதித்துப் பார்க்க அறுபது வயது தாண்டிய ஓர் அம்மாவை அழைத்திருந்தோம். தகப்பனார் பெயரின் முதலெழுத்து, ஒரு புள்ளி, பிறகு தன் பெயர். பள்ளிக்கூடத்திலிருந்து அவர் எழுதிவருவது அப்படித்தான். படிவமோ ‘கடைசிப் பெயர்’ என்று தனியாகக் கேட்டது. அவர் இனிஷியலைப் போட்டார். இரண்டு எழுத்தாவது வேண்டும் என்று சிவப்பில் வந்தது. கணவர் பெயரைப் போட்டார். அடையாள அட்டையோடு பொருந்தவில்லை என்று வந்தது. என்னைத் திரும்பிப் பார்த்து, “என் பெயரில் என்ன தப்பு, தம்பி?” என்று கேட்டார். சோதனையின்போது நாங்கள் பேசக் கூடாது என்பது விதி. அன்று அந்த விதி எனக்கு மிகவும் கனத்தது.

இது அவர் ஒருவருக்கு மட்டும் நேர்ந்ததல்ல. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான இடம் காலியாக இருக்கும் தமிழர்கள் பலரின் அமெரிக்க விசாவைப் பாருங்கள். சொந்தப் பெயர் குடும்பப் பெயராக மாறியிருக்கும். முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்.என்.யூ.’ என்றிருக்கும். முதற்பெயர் தெரியவில்லை என்று அதற்குப் பொருள்.

இதே வேலையை நன்றாகச் செய்தவர்களிடம் கற்றுக்கொள்ளலாம். பிரிட்டன் அரசு 2012 அக்டோபரில் ‘கவ்.யூகே’ என்ற ஒரே தளத்தைத் திறந்தது. அதற்கு முன் ஒவ்வொரு துறைக்கும் ஒரு தளம் இருந்தது. வண்டிக்கு வரி கட்ட வருகிறவர் அது எந்தத் துறையின் பொறுப்பு என்று ஏன் தெரிந்துவைத்திருக்க வேண்டும்? அந்தத் தளத்தை உருவாக்கிய குழு எழுதிவைத்த கோட்பாடுகளில் முதலாவது, பயனரின் தேவையிலிருந்து தொடங்குவது. பொது விடுமுறைப் பக்கத்தைத் திறந்தால் அடுத்த விடுமுறை எந்த நாள் என்பதுதான் பெரிய எழுத்தில் முதலில் தெரியும். விடுமுறையைத் தேடி வருகிறவருக்கு முதலில் வேண்டியது அதுதானே! தளத்தின் எழுத்துருகூட பிரிட்டனின் சாலைப் பலகைகளுக்காக ஜாக் கின்னெய்ரும் மார்கரெட் கால்வெர்ட்டும் வரைந்த எழுத்திலிருந்து வந்தது. ஓடும் வண்டியிலிருந்து படிப்பதற்கென்று பிறந்த எழுத்து அது. லண்டன் வடிவமைப்பு அருங்காட்சியகம் 2013இல் ஆண்டின் சிறந்த வடிவமைப்பாக இந்தத் தளத்தைத் தேர்ந்தெடுத்தது. போட்டியில் ‘ஷார்ட்’ என்ற வானுயர்ந்த கோபுரமும் இருந்தது. படங்களோ அலங்காரமோ அதிகம் இல்லாத ஒரு தளம் கோபுரத்தை வென்றது எனக்கு இன்றும் மகிழ்ச்சி தருகிறது.

அவர்களுடைய வழிகாட்டுதலில் பெயருக்கும் ஒரு பரிந்துரை உண்டு: முடிந்தவரை ‘முழுப் பெயர்’ என்று ஒரே கட்டம் வையுங்கள். எங்கள் படிவத்தையும் அப்படியே மாற்றி அந்த அம்மாவை மறுபடி அழைத்தோம். இனிஷியல், புள்ளி, பெயர் என்று ஒரே மூச்சில் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டார். அங்கே அவர் நிற்கவே இல்லை.

பிறந்த தேதியில் நின்றார். ஆண்டுகளின் நீண்ட பட்டியலில் 1957ஐத் தேடி விரலால் தள்ளித் தள்ளி, தாண்டிப் போய்த் திரும்பி வந்தார். நாள், மாதம், ஆண்டு என்று அவரே எழுதிக்கொள்ள மூன்று சிறு கட்டங்கள் வைத்து, இப்போது அதை மாற்றிக்கொண்டிருக்கிறோம். அடுத்த வாரம் மறுபடி வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

நன்றி, வணக்கம்.