காது மந்தமானவர் இதய மருத்துவர் ஆகலாமா?

மருத்துவக் கல்லூரி மூன்றாம் ஆண்டு மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "எனக்குக் காது கொஞ்சம் மந்தம். குழந்தைகளுக்கான இதய மருத்துவம் படிக்க ஆசை. ஸ்டெதாஸ்கோப் சத்தமே சரியாகக் கேட்காத நான் ஆசைப்படலாமா?"

தாராளமாக ஆசைப்படு, அம்மா. நேற்று இரவு உன் கேள்வியைப் படித்ததிலிருந்து எனக்கு ஹெலன் டாசிக் ஞாபகம்தான். அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸில் 1930இல் குழந்தைகள் இதயப் பிரிவின் பொறுப்பை ஏற்றவர். முப்பதுகளிலேயே அவருக்குக் காது மந்தமாகிவிட்டது. அவர் வேலையை விடவில்லை. குழந்தையின் மார்பில் விரல்களை வைத்துப் பார்க்கப் பழகினார். மடியில் படுத்த பூனை மேல் கை வைத்தால் ஒரு அதிர்வு தெரியுமே, இதயத்தில் பலமான முணுமுணுப்பு (ரத்தம் கொந்தளித்து ஓடும் சத்தம்) இருந்தால் கைக்கு அப்படித்தான் தெரியும். மெல்லிய முணுமுணுப்பு கைக்குச் சிக்காது, உண்மைதான். இன்றைக்கு அதற்கு ஒலியலைகளால் இதயத்தைப் படமாகக் காட்டும் எக்கோ இருக்கிறது, ஒலியைப் பெருக்கும் ஸ்டெதாஸ்கோப்பும் இருக்கிறது.

முதலில் குழந்தையைப் பார், அப்புறம் கருவியை எடு. என்னைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு நான் சொல்லும் இது மனப்பாடமாகியிருக்கும். டாசிக் அப்படிப் பார்த்தவர். பிறந்த பிறகு தானாக மூடிக்கொள்ளும் ஒரு குழாய் உண்டு, டக்டஸ் என்போம். நுரையீரலுக்குப் போதிய ரத்தம் போகாமல் நீலம் பாரித்த சில குழந்தைகள், அந்தக் குழாய் திறந்திருந்து அதன் வழியே ரத்தம் போனவரை தேறி இருந்ததையும், அது மூடியதும் மோசமானதையும் கவனித்தார். அப்படியானால் நாமே ஒரு குழாய் அமைத்தால் என்ன என்று அறுவை மருத்துவர் பிளேலாக்கிடம் போனார். ஆய்வுக்கூடத்தில் நாய்களுக்குச் செய்து பார்த்து வழிமுறையை உருவாக்கியவர் பிளேலாக்கின் ஆய்வுக்கூட உதவியாளர் விவியன் தாமஸ். 1944 நவம்பர் 29 அன்று, பதினைந்து மாதக் குழந்தைக்கு, கைக்குப் போகும் தமனியை நுரையீரல் தமனியோடு இணைத்தார்கள். தாமஸ் ஒரு முக்காலி மேல் ஏறி பிளேலாக்கின் பின்னால் நின்று வழி சொன்னார். மருத்துவப் பட்டமே இல்லாதவர் அவர். எத்தனை முறை சொன்னாலும் எனக்கு மனம் நெகிழும் இடம் இது.

சரி, பெற்றவர்களும் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். மூன்று மாதக் குழந்தையை ஒரு பாட்டி தூக்கி வந்தார். "சளி என்றுதான் சொன்னார்கள் டாக்டர். ஆனால் பால் குடிக்கும்போது மட்டும் நெற்றி வியர்க்கிறது, நாலு வாய் குடித்ததும் நிறுத்திவிட்டு மூச்சு வாங்குகிறது" என்றார். எனக்குப் பாதி நோய் அங்கேயே தெரிந்துவிட்டது. எக்கோவில் இதயத்தின் கீழறைச் சுவரில் பெரிய ஓட்டை. பால் குடிப்பதுதான் கைக்குழந்தைக்கு உடற்பயிற்சி. அதில் களைத்தால் என்னிடம் சொல்லுங்கள். "ஓட்டை எத்தனை மில்லிமீட்டர்?" என்று எல்லோரும் கேட்கிறீர்கள். "பால் எப்படிக் குடிக்கிறான்?" என்று நான் கேட்கும் முன்னே நீங்கள் சொன்னால் எனக்கு அது பெரிய உதவி.

அம்மா, நாளை வார்டுக்குப் போனதும் கைக்குழந்தைகளுக்குக் கை நாடியையும் தொடை இடுக்கில் இருக்கும் நாடியையும் சேர்த்துத் தொட்டுப் பார். தொடையில் மட்டும் மெலிந்திருந்தால், இதயத்திலிருந்து உடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் மகாதமனி சுருங்கியிருக்கலாம். அப்படித் தோன்றினால் தயங்காமல் உன் பேராசிரியரை அழைத்துக் காட்டு.