கதவைத் திறந்துவிடும் கார்க்காரர்கள்

(கோவையில் நடந்த ஒரு பொங்கல் விழாப் பட்டிமன்றம். தலைப்பு: ‘ஸ்போர்ட்ஸ் கார் மனிதர்களைப் பிரிக்கிறதா, நெருங்க வைக்கிறதா?’ ‘நெருங்க வைக்கிறது’ என்ற அணியில் பேசியவரின் உரை.)

நடுவர் ஐயா அவர்களுக்கும், பதில் சொல்லத் துடித்துக்கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களுக்கும், பந்தி போடும் வரைக்கும் இவர்களையும் கேட்டு வைப்போம் என்று பொறுமையாக உட்கார்ந்திருக்கும் கோவை மக்களுக்கும் வணக்கமுங்க.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் மூன்று குண்டுகளைப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறார். முதலாவது, பாரி. முல்லைக்கொடிக்குத் தேரையே கொடுத்தான் பாரி, இன்றைக்கு ஃபெராரி வைத்திருப்பவர் யாருக்காவது அந்தச் சாவியைக் கொடுத்தாரா என்று கேட்டார். நல்ல கைதட்டல். இரண்டாவது, ஒரு காரின் விலையில் எத்தனை ஏழைகளுக்கு வீடு கட்டலாம் என்ற கணக்கு. மூன்றாவது, புனே விபத்து.

பாரியிலிருந்தே வருகிறேன். பாரி வள்ளல்தான், யார் மறுத்தது? ஆனால் அந்த முல்லை தேரை வைத்து என்ன செய்தது? படர்ந்தது. சக்கரம் எப்படிச் சுற்றுகிறது, அச்சுக்கு எந்த மரம் என்று அது கேட்கவில்லை. நம்ம ஊர்ப் பையன் கேட்பான் ஐயா! ஞாயிற்றுக்கிழமை காலையில் நம்ம ரேஸ் கோர்ஸ் சாலைப் பக்கம் போய்ப் பாருங்கள். ஒரு மஞ்சள் லம்போர்கினி வந்து நின்றால் போதும், பையன்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்றே தெரியாது. “அண்ணா, இது வி10-ஆ, வி12-ஆ?” எஞ்சினில் பத்து சிலிண்டரா, பன்னிரண்டா என்று கேட்கிறான். “அண்ணா, எஞ்சின் பின்னாடிதானே?” அப்புறம், நம் ஊர்ச் சாலைகளை நன்றாகத் தெரிந்த ஒருவன் கேட்பான்: “அண்ணா, ஸ்பீட் பிரேக்கர்ல எப்படி ஏத்துவீங்க?”

இந்தக் கேள்விக்காகவே கார்க்காரர் காத்திருந்தது போல இருக்கும். இந்த வகைக் கார்கள் பலவற்றில் ஒரு பட்டன் உண்டு. அழுத்தினால் காரின் முன்பக்கம் சில சென்டிமீட்டர் எழும்பி நிற்கும், மேட்டில் அடிபடாது. “வா கண்ணு, உள்ளே உக்காரு. நீயே அமுத்திப் பாரு” என்று கதவைத் திறந்துவிடுவார். அழுத்தியதும் அவன் முகம் போகும் போக்கைப் பார்க்க வேண்டும்.

எதிரணி இதைப் பொறாமை என்கிறது. பொறாமைப்படுகிறவன் கேள்வி கேட்க மாட்டான். யாரும் பார்க்காத நேரத்தில் நாணயத்தால் பெயின்ட்டைக் கீறிவிட்டுப் போவான். எஞ்சின் எங்கே இருக்கிறது என்று கேட்பவனுக்கு அந்தக் கார் யாருடையது என்பதே இரண்டாம் பட்சம்.

சரி, அந்தப் பணக்காரர் ஏன் கதவைத் திறக்கிறார்? அவர் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பார்ட்னர் விலையைக் கேட்பார். ஆடிட்டர் தேய்மானக் கணக்கைக் கேட்பார். வீட்டில், “இதுல அம்மிச்சி எப்படி ஏறி உக்காருவாங்க?” என்று கேட்பார்கள். எஞ்சினைப் பற்றிக் கேட்க அவருக்கு உலகத்தில் ஒரே ஆள்தான், முன்பின் தெரியாத அந்த ஒன்பதாம் வகுப்புப் பையன். எதற்காக அந்தக் காரை ஆசைப்பட்டு வாங்கினாரோ அதை அவனோடு மட்டும்தான் பேச முடிகிறது. யார் யாருக்கு உதவி செய்கிறார்கள் என்றே எனக்குச் சில நேரம் சந்தேகம் வரும்.

நம் புலவர்களுக்கு இந்த ஆசை தெரிந்திருந்தது. ஆண்பால் பிள்ளைத்தமிழில் பத்தாவது பருவம் எது? சிறுதேர். பத்துப் பருவங்களில் கடைசியாக வைத்தது, பிள்ளை தன் கையால் உருட்டி விளையாடும் வண்டியை. (பெண் குழந்தைக்கு அங்கே தேர் இல்லை, ஊசல்தான். அதை நம் பெண்கள் சரி செய்துவிட்டார்கள், அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.)

இப்போது அர்ஜென்டினாவுக்குப் போவோம். எதிரணி சிரிக்க வேண்டாம், சாவியைக் கொடுத்தது யார் என்ற உங்கள் கேள்விக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது.

பால்கார்சே என்று ஒரு சின்ன ஊர். உருளைக்கிழங்கு விளையும் பூமி. அங்கே ஒரு கொத்தனார் மகன் மெக்கானிக்காக இருந்தார். பெயர் ஹுவான் மானுவல் ஃபாஞ்சியோ. ஓட்டக் கை இருந்தது, கார் வாங்கக் காசில்லை. ஊர்க்காரர்கள் வசூல் செய்து ஒரு செவ்ரோலே வாங்க உதவினார்கள். கோயில் திருவிழாவுக்கு நாம் வரி போடுவோமே, அந்த மாதிரி. 1940-ல் பியூனஸ் அயர்ஸிலிருந்து பெருவின் லிமா வரை போய்த் திரும்பும், 9,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ரேஸில் அவர் ஜெயித்தார். பிறகு ஐரோப்பாவுக்குப் போய் ஃபார்முலா ஒன்னில் ஐந்து முறை உலக சாம்பியன் ஆனார்.

கதை இங்கே முடிந்திருந்தால் நானே இதைச் சொல்லியிருக்க மாட்டேன். அதே நாட்டில் காசில்டா என்ற ஊரில் 1955-ல் ஒரு பேக்கரிக்காரருக்கு மகன் பிறந்தான். ஹொராசியோ பகானி. சின்ன வயதிலேயே பால்சா மரத்தைச் செதுக்கிக் கார் பொம்மை செய்தான். வளர்ந்ததும் இத்தாலிக்குப் போய் ஸ்போர்ட்ஸ் கார் செய்ய வேண்டும் என்று ஆசை. யாரைத் தெரியும் அங்கே? ஒருவரையும் தெரியாது. ஃபாஞ்சியோவைப் போய்ப் பார்த்தார். ஐந்து முறை உலக சாம்பியனான பெரியவர், அந்த இளைஞனுக்காக உட்கார்ந்து, இத்தாலியக் கார் உலகத்தின் பெரிய மனிதர்களுக்கு அறிமுகக் கடிதம் எழுதிக் கொடுத்தார்.

பகானி லம்போர்கினியில் அடிமட்ட வேலையில் சேர்ந்து மேலே வந்தார். எடை குறைவாகவும் உறுதியாகவும் இருக்கும் கார்பன் ஃபைபரை வேகவைத்து இறுக்க ஆட்டோகிளேவ் என்ற பெரிய அடுப்பு வேண்டும் என்று நிர்வாகத்திடம் கேட்டாராம். “ஃபெராரியிடமே இல்லை, நமக்கு எதற்கு?” என்று பதில் வந்ததாம். அவரே சொல்லும் கதை இது. கடன் வாங்கித் தானே அந்த அடுப்பை வாங்கினார். பிறகு சொந்தக் கம்பெனி. அவர் காருக்கு மெர்சிடிஸ் வி12 எஞ்சின் கிடைத்ததும் ஃபாஞ்சியோவின் சிபாரிசால்தான். அந்தக் காருக்கு ஃபாஞ்சியோ பெயரையே வைக்க நினைத்தார். 1995-ல் பெரியவர் இறந்துவிட்டார். இறந்தவர் பெயரை வைத்து வியாபாரம் செய்வதா என்று அதை விட்டுவிட்டு, ஆண்டிஸ் மலைப் பக்கம் வீசும் காற்றின் பெயரை வைத்தார். 1999-ல் ஜெனீவா கண்காட்சியில் வந்த ஸோண்டா அதுதான்.

பால்கார்சேக்காரர்கள் வசூல் செய்து கொடுத்ததை ஃபாஞ்சியோ அவர்களுக்கே திருப்பிக் கொடுக்கவில்லை. நாற்பது வருஷம் கழித்து வேறொரு ஊர்ப் பையனுக்குக் கொடுத்தார். பணம் கூட இல்லை, சில கடிதங்கள். சாவி எங்கே என்று கேட்டீர்களே, அதுதான் சாவி.

அவ்வளவு தூரம் எதற்கு, இந்த மண்ணுக்கே வருகிறேன். கலங்கல் கிராமத்து இளைஞர் ஒருவர் வெள்ளைக்கார அதிகாரியின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்துச் சொக்கிப் போனார். கோவைக்கு வந்து ஓட்டலில் வேலை பார்த்துப் பணம் சேர்த்து, அதையே வாங்கி, ஒவ்வொரு பாகமாகக் கழற்றித் திரும்ப மாட்டினார். அவர்தான் ஜி.டி. நாயுடு. கார் இல்லையே, பைக்தானே என்று எதிரணியில் முணுமுணுப்பது கேட்கிறது. போகட்டும். அவர் பெயரிலான அறக்கட்டளை நடத்தும் கார் அருங்காட்சியகம் 2015-லிருந்து இதே ஊரில் திறந்திருக்கிறது. குழந்தைகளை ஒரு நாள் கூட்டிக்கொண்டு போங்கள்.

அப்புறம் கரிவர்தன். மில் குடும்பத்துப் பிள்ளை. வெளிநாட்டுக் காரை இறக்கி, தான் மட்டும் ஓட்டி, போட்டோ பிடித்துக்கொண்டு இருந்திருக்கலாம். அவரோ மாருதி 800 எஞ்சினை வைத்து, ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கை ரேஸ் காரை இந்தக் கோவையிலேயே செய்தார். அதனால்தான் பெரிய பணம் இல்லாத பையன்களுக்கும் ரேஸ் எட்டியது. நம்ம ஊர் ரேஸ் வீரர் நரேன் கார்த்திகேயன் தொடங்கியதும் அந்த ஃபார்முலா மாருதியில்தான். 2005-ல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். அதைப் பார்க்கக் கரிவர்தன் இல்லை, 1995-லேயே விமான விபத்தில் போய்விட்டார். செட்டிபாளையத்தில் இருக்கும் ரேஸ் டிராக்குக்குக் கரி மோட்டார் ஸ்பீட்வே என்று பெயர் வைத்தது அவர் நினைவாகத்தான்.

அந்த டிராக்கில்தான் ஃபார்முலா பாரத் போட்டி நடக்கிறது. பொறியியல் மாணவர்கள் தாங்களே வடிவமைத்து, தாங்களே வெல்டிங் அடித்த காரைக் கொண்டு வந்து ஓட்டுகிறார்கள். அங்கே போய்ப் பாருங்கள், கையில் ஸ்பானரோடு காருக்கு அடியில் படுத்திருக்கும் பெண் பிள்ளைகளை. சிறுதேர்க் கணக்கை அவர்கள் சரி செய்துவிட்டார்கள் என்று அதனால்தான் சொன்னேன்.

வீடு கட்டும் கணக்குக்கு அதிக நேரம் தர மாட்டேன். ஒரு காரின் விலையில் வீடு கட்டலாம், உண்மை. ஒரு கல்யாண மண்டபத்துப் பூ அலங்காரத்திலும் கட்டலாம். அதற்கு யாரும் பட்டிமன்றம் வைப்பதில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். இங்கிலாந்தில் ஸ்போர்ட்டிங் பேர்ஸ் என்று ஒரு கார் கிளப். உறுப்பினர்கள் தங்கள் காரைக் கார் கண்காட்சிகளுக்குக் கொண்டு வந்து, நன்கொடை கொடுப்பவர்களை ஒரு சுற்று கூட்டிப் போகிறார்கள். சேரும் பணம் குழந்தைகளுக்கான தொண்டு அமைப்புகளுக்குப் போகிறது. பூட்டி வைத்த வைர நகை இப்படிச் சம்பாதித்துக் கொடுத்து நான் கேள்விப்பட்டதில்லை.

புனே. 2024 மே மாதம், 17 வயதுப் பையன் ஓட்டிய போர்ஷே மோதி, பைக்கில் போன இரண்டு இளம் பொறியாளர்கள் இறந்தார்கள். எதிரணித் தலைவர் அதைச் சொன்னபோது அரங்கமே அடங்கிப் போனது. அதற்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. ஆனால் அந்த வயதுப் பையன்களின் வேக ஆசையை என்ன செய்யப் போகிறோம் என்று அவர் சொல்லவில்லை. அபராதச் சீட்டைக் காட்டினால் இந்த ஆசை போகாது, இரண்டு தெரு தள்ளிப் போய் முறுக்குவான். அவன் மதிக்கும் ஒரு கார்க்காரர், “ரோட்டுல வேண்டாம்டா, டிராக்குக்கு வா, ஹெல்மெட் போடு, சீட் பெல்ட்டை இறுக்கு, கொடி காட்டினா நிறுத்து” என்று சொன்னால் கேட்பான். எங்கள் பேச்சை எங்கே கேட்கிறான்? நான் பள்ளிக்கூட வாத்தியார், அனுபவத்தில் சொல்கிறேன்.

நடுவர் ஐயா மணியைத் தொட்டுவிட்டார். எனக்குப் பிறகு பேச வரும் எதிரணி அம்மாவிடம் ஒன்றே ஒன்று கேட்டுவிட்டு உட்காருகிறேன். இன்று காலையில் அமைப்பாளர்கள் அரங்க வாசலில் ஒரு சிவப்பு போர்ஷேவை நிறுத்தி வைத்திருந்தார்கள். நீங்கள் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டதை நானும் பார்த்தேன், இந்த முன்வரிசையும் பார்த்தது. கார்க்காரர் கதவைத் திறந்து, “உள்ளே உக்காருங்கம்மா” என்றார். உட்கார்ந்தீர்கள். ஸ்டீயரிங்கையும் பிடித்தீர்கள். அதற்கடுத்து ஹாரன் சத்தம் ஒன்று கேட்டதே, அதை அடித்தது யார் என்பதை முதலில் சபைக்குச் சொல்லிவிட்டு உங்கள் பேச்சைத் தொடங்குங்கள். நன்றிங்க, வணக்கம்.