டிக்கெட் கவுண்ட்டருக்கு வெளியே நிற்கும் சிங்கப்பூர்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, ஞாயிற்றுக்கிழமை மத்தியானத் தூக்கத்தைத் தள்ளிவைத்துவிட்டு வந்திருக்கும் பெருமக்களே, வணக்கம்.

“சிங்கப்பூருக்கு வரும் விருந்தினர் மனத்தில் நிற்பது டிக்கெட் வாங்கிப் பார்க்கும் இடங்களா, டிக்கெட் இல்லாமல் பார்க்கும் இடங்களா?” இதுதான் தலைப்பு. நான் டிக்கெட் இல்லாத பக்கம். இந்த மன்றத்துக்கும் அனுமதி இலவசம்தான். இருந்தும் எதிரணி நண்பர்கள் முன்வரிசையில் முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். அதற்கு என் நன்றி.

எதிரணித் தலைவர் மூன்று அடி அடித்தார். காசு கொடுத்தால்தான் பொருளுக்கு மதிப்பு என்றார். ஊரிலிருந்து வந்த வயதான அம்மா அப்பாவை வெயிலில் நடக்கவிடுவது பாவம் என்றார். இலவச இடங்கள் அரை மணியில் சலித்துவிடும் என்றார். கடைசி அடியிலிருந்து வருகிறேன்.

சலிக்கும் என்பதற்கு அவர் காட்டிய சாட்சி மெர்லயன். ஒத்துக்கொள்கிறேன். மத்தியானம் ஒரு மணிக்குக் கூட்டிக்கொண்டு போனால் “இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?” என்றுதான் அத்தை கேட்பார். சிலை 8.6 மீட்டர்தான். ஒரு படம், இரண்டு படம், வாயில் தண்ணீர் விழுவதுபோல் ஒரு படம், முடிந்தது. ஆனால் 1972இல் ஆற்று முகத்துவாரத்தில் நிறுத்திய அந்தச் சிங்கத்தை 2002இல் 120 மீட்டர் நகர்த்தி வைத்தார்களே, எதற்கு? குறுக்கே எஸ்பிளனேட் பாலம் வந்து பார்வையை மறைத்துவிட்டது. சிமெண்ட் சிங்கத்துக்கே சரியான இடம் பார்த்து வைக்கிற ஊர் இது. நாம் சரியான நேரமாவது பார்த்துப் போகவேண்டாமா? ஏழு மணிக்குப் போங்கள். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் ஆண்டு முழுக்க இங்கே சூரியன் ஏழு மணி வாக்கில்தான் மறையும். வானம் நீலமாக இருக்கும்போதே எதிர்க்கரையில் விளக்கெல்லாம் எரியத் தொடங்கியிருக்கும். அந்த இருபது நிமிடத்தில் அத்தை வாய் திறக்கமாட்டார்.

இலவச இடத்துக்கு நுழைவுச்சீட்டு கடிகாரம்தான், நடுவரே. அதைப் பார்க்காமல் போகிறவர்கள்தான் சலித்துத் திரும்புகிறார்கள்.

கரையோரப் பூந்தோட்டங்களுக்கு, அதாவது ‘கார்டன்ஸ் பை த பே’க்கு வருகிறேன், ஏனென்றால் எதிரணி அதைத் தங்கள் சொத்துபோல் பேசினார்கள். காசு வாங்குவது கண்ணாடிக் கூடங்கள், ‘சூப்பர்ட்ரீ’ எனும் செயற்கைப் பெருமரங்களுக்கு நடுவே 22 மீட்டர் உயரத்தில் தொங்கும் நடைபாலம் போன்ற சில இடங்களுக்குத்தான். வெளித்தோட்டம் முழுவதும், 25 முதல் 50 மீட்டர் வரை உயர்ந்து நிற்கும் அந்தப் பெருமரங்களின் அடிவாரம் உட்பட, இலவசம். காலை 5 மணியிலிருந்து பின்னிரவு 2 மணி வரை திறந்திருக்கும். பெருமரத்தை வெறும் அலங்காரம் என்று நினைத்துவிடாதீர்கள். பக்கத்தில் போய்ப் பார்த்தால், இரும்புக் கூட்டைச் சுற்றி அடுக்கிய பலகைகளில் பெரணி, ஆர்க்கிட் என்று உயிருள்ள செடிகள் ஒட்டிக்கொண்டு வளர்வது தெரியும். சில மரங்களின் உச்சியில் சூரியத் தகடுகள் இருக்கின்றன. இன்னும் சில மரங்கள் அந்தக் கண்ணாடிக் குளிர்க்கூடங்களின் காற்றை வெளியேற்றும் புகைபோக்கிகள். எதிரணி டிக்கெட் எடுத்து உள்ளே விட்ட மூச்சு, நாங்கள் சும்மா நிற்கும் மரத்தின் வழியாகத்தான் வெளியே போகிறது.

இங்கே ஒரு மாலையை எப்படி அமைப்பது என்று சொல்லிவிடுகிறேன். கேட்டுக்கொண்டு எதிரணியும் போகலாம். பேஃபிரண்ட் நிலையம், பி வாசல். சுரங்க நடைபாதை முடிந்து தட்டான் பாலம் தாண்டினால் தோட்டம். ஏழு மணிக்கெல்லாம் மரத்தடிக்குப் போய்விடுங்கள். ஒளி ஒலிக் காட்சி தினமும் இரவு 7.45க்கும் 8.45க்கும். நின்றுகொண்டு பார்த்தால் கழுத்து வலிக்கும். ஒரு போர்வையோ பழைய துண்டோ விரித்துப் படுத்துவிடுங்கள். தரையில் படுக்க அப்பா கூச்சப்படுவார். சுற்றிலும் நூறு பேர் படுத்திருப்பதைப் பார்த்ததும் கூச்சம் போய்விடும்.

பெரும்பாலோர் தவறுவது அடுத்த அடியில். மரீனா பே சேண்ட்ஸ் கடைத்தொகுதியின் முன்னால், தண்ணீர் மேல் நடக்கும் ஸ்பெக்ட்ரா காட்சி 8 மணிக்கும் 9 மணிக்கும். வெள்ளி, சனியில் 10 மணிக்கும் உண்டு. அதுவும் இலவசம். 7.45 காட்சியைப் பார்த்துவிட்டு 8 மணிக் காட்சிக்கு ஓடுகிறார்கள். இதுவும் முழுதாகப் பார்க்கவில்லை, அதுவும் கிடைக்கவில்லை, நடுவில் அம்மாவின் செருப்பு வேறு அறுந்துபோகிறது. ஓடாதீர்கள். எட்டு மணிக்கு எழுந்து மெதுவாக நடந்து, கடைத்தொகுதிக்குள் குளிரில் சற்று உட்கார்ந்து, 8.45க்குக் கரைக்குப் போங்கள். படிக்கட்டில் இடம் கிடைக்கும். முதல் வரிசை வேண்டாம். காற்று நம் பக்கம் திரும்பினால் சாரல் முழுவதும் கண்ணாடி போட்டவர்கள் முகத்தில்தான். மெர்லயன் பக்கம் நின்றே இதைப் பார்த்துவிடலாம் என்று சில பேர் சொல்வார்கள். அங்கிருந்து ஒளிக்கற்றை தெரியும், ஆனால் தண்ணீர்த் திரையில் விழும் படமும் பாட்டும் இந்தக் கரையில்தான். இரண்டு காட்சி, ஒரு குடும்பம், செலவு எம்ஆர்டி ரயில் கட்டணம். மழை மட்டும் குறுக்கே வரும். அதனால்தான் கடைசி இரவுக்கு இதை வைக்கக்கூடாது. முதல் இரண்டு நாளுக்குள் வைத்தால், கெட்டுப்போனாலும் இன்னொரு நாள் மிஞ்சும்.

சரி, மதிப்பு என்றாரே, அதற்கு வருகிறேன். இதில்தான் எனக்குக் கொஞ்சம் கோபமே.

விருந்தாளி கேட்பது ஒரே கேள்வி: “நம்ம ஆளுங்க இங்க எப்படி வந்தாங்க?” இதற்கு விடை சொல்லும் இடம் எதிலாவது உங்கள் டிக்கெட் கிழிபடுகிறதா? தெலுக் ஆயர் நிலையத்தில் இறங்கச் சொல்லுங்கள். மலாயில் ‘ஆயர்’ என்றால் தண்ணீர், ‘தெலுக்’ என்றால் விரிகுடா. இன்று நான்கு பக்கமும் வங்கிக் கட்டடங்கள் நிற்கும் அந்தத் தெரு, பத்தொன்பதாம் நூற்றாண்டில் கடலை மண் போட்டு மூடும்வரை கடற்கரையாக இருந்தது. கப்பலிலிருந்து இறங்கியவர்கள் முதலில் செய்தது கரையேற்றிய கடவுளுக்கு நன்றி சொன்னது. சீனர்கள் கடல்தாய்க்கு எழுப்பிய தியான் ஹோக் கெங் கோவில், 1839இல் தொடங்கி 1842இல் முடிந்தது. அதே தெருவில், நாகூர் ஆண்டவரை நினைத்து சூலியா எனப்பட்ட நம் தமிழ் முஸ்லிம்கள் 1828 முதல் 1830 வரை கட்டிய நாகூர் தர்கா. இன்னும் சில அடி நடந்தால் அல்-அப்ரார் பள்ளிவாசல். 1827இல் ஓலைக் குடிசையாகத் தொடங்கியதால் தமிழர் வாயில் அதற்குக் ‘குச்சுப் பள்ளி’ என்றே பெயர். நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து வந்த மாமா ஒருவரை அந்தத் தர்கா வாசலில் நிறுத்திப் பாருங்கள். சிங்கப்பூர் ஃபிளையர் ராட்டினத்தில் 165 மீட்டர் உயரம் ஏறினாலும் அந்த முகம் கிடைக்காது.

அங்கிருந்து பதினைந்து நிமிட நடையில் சௌத் பிரிட்ஜ் ரோடு. 1819இல், நவீன சிங்கப்பூரை நிறுவிய ராஃபிள்சுடன் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை, ஊரில் முதல் செங்கல் சூளை போட்டவர், 1827இல் தொடங்கிய மாரியம்மன் கோவில். அதே சாலையில் சூலியாக்களின் ஜாமியா பள்ளிவாசல். இரண்டுக்கும் பக்கவாட்டில் போகும் சந்துகளின் பெயர்ப்பலகையைப் படிக்கச் சொல்லுங்கள். டெம்பிள் ஸ்ட்ரீட், பகோடா ஸ்ட்ரீட், மாஸ்க் ஸ்ட்ரீட். சைனாடவுனுக்கு நடுவில் பகோடா என்றால் சீனக் கோவில் என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். அது நம் கோபுரம்! வெள்ளைக்காரன் கோபுரத்தைப் பார்த்து வைத்த பெயர்.

இங்கேயும் கடிகாரம் உண்டு. கோவில் நண்பகலில் நடை சாத்தி மாலை ஆறு மணிக்குத்தான் திறக்கும். சாப்பிட்டுவிட்டு ஆற அமர ஒரு மணிக்குப் போகிறவர்கள் பூட்டிய கதவைப் படம் எடுத்துக்கொண்டு வருவார்கள். காலை ஒன்பது மணிக்குத் தெலுக் ஆயரில் தொடங்குங்கள். பதினொரு மணிக்குள் அம்மன் தரிசனம். செருப்பை வெளியே விட்டபின் வெயில் ஏறிய தரை சுடும். பெரியவர்களுக்குக் காலுறை இருந்தால் நல்லது. பிறகு சாலை தாண்டினால் மேக்ஸ்வெல் உணவங்காடி நிலையம். கூட்டம் வருவதற்கு முன்பே மேசை பிடித்துவிடலாம். மேசையில் டிஷ்யூ பொட்டலம் கிடந்தால் அது யாரோ பிடித்த இடம், உட்காராதீர்கள் என்பதையும் விருந்தாளிக்குச் சொல்லிவிடுங்கள். ஊரைப் புரிந்துகொள்ள அதுவும் ஒரு பாடம்தான்.

காசுக்குத்தான் மதிப்பு என்றவருக்கு இன்னொன்று. பூகிஸ் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் சுல்தான் பள்ளிவாசல், 1932இல் கட்டி முடிந்தது. பொன்னிறக் கும்மட்டத்தைத்தான் எல்லோரும் படம் பிடிக்கிறார்கள். கும்மட்டத்தின் அடியில் கறுப்பாக ஒரு வளையம் ஓடும். உற்றுப் பாருங்கள், அவை கண்ணாடிப் போத்தல்களின் அடிப்பாகங்கள். பணக்காரர் பணம் கொடுத்தார். ஏழைகளும் தங்கள் பங்காகக் கொடுக்க வேண்டும் என்று சேகரித்த போத்தல்கள் அவை. எதிரணித் தலைவரே, மதிப்பு என்ற சொல்லை அங்கே போய் நின்று சொல்லுங்கள், பார்ப்போம். அந்த வளையம் தெருவிலிருந்தே தெரியும். உள்ளே போக விரும்பினால் வெள்ளிக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள். முழங்காலும் தோளும் மூடிய உடை வேண்டும்.

அருங்காட்சியகம் போனால் நம் வரலாறு முழுக்க இருக்கிறதே என்று எதிரணியில் ஒருவர் முணுமுணுக்கிறார். இருக்கிறது. தேசிய அருங்காட்சியகங்களும் மரபுடைமை நிலையங்களும் நல்ல இடங்கள்தாம். ஆனால் குடிமகனுக்கும் நிரந்தரவாசிக்கும் அங்கே பொதுவான கூடங்களுக்கு அனுமதி இலவசம், வெளிநாட்டவருக்குக் கட்டணம். அதாவது உங்களுக்கு இலவசமாகக் கிடைப்பதை வைத்துக்கொண்டு, விருந்தாளியின் பையிலிருந்து மதிப்பைக் கற்றுக்கொடுக்கிறீர்கள்.

வெயில், முதுமை. இது நியாயமான கேள்வி, ஒதுக்கமாட்டேன். பகல் 12 முதல் 4 வரை யாரையும் வெளியே நடக்கவிடாதீர்கள். பூமலை எனப்படும் தாவரவியல் தோட்டத்துக்குப் போவதென்றால் காலை ஆறரை, ஏழு. 1859இல் அமைத்த தோட்டம், 2015இல் யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்ந்தது, காலை 5 மணிக்கே திறந்துவிடும். உள்ளே ஆர்க்கிட் தோட்டம் ஒன்றுக்குத்தான் கட்டணம். ஐந்து வெள்ளி, அதாவது ஐந்து டாலர்த் தாளைக் கையில் கொடுத்து, அதன் பின்பக்கத்தில் இருக்கும் தெம்புசு மரத்தைத் தேடச் சொன்னால் பிள்ளைகளுக்கு அரை மணி வேலை. பெரியவர்களுக்கு ரப்பர் மரத்தைப் பற்றிச் சொல்லுங்கள். 1877இல் நாற்று இங்கே வந்தது. மரத்தைச் சாகடிக்காமல் பட்டையைக் கீறிப் பால் எடுக்கும் முறையை இந்தத் தோட்டத்தில் உருவாக்கியவர் இயக்குநர் ரிட்லி. அந்தக் கீறலிலிருந்து கிளம்பியதுதான் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்கள். அந்தத் தோட்டங்களுக்காகத்தான் நம் ஆட்கள் கப்பல் கப்பலாக வந்தார்கள்.

காற்றாட உயரத்தில் நிற்கவேண்டுமா? செந்தோசாவுக்கு ஹார்பர்ஃபிரண்டிலிருந்து நடைபாதை வழியாகப் போனால் கட்டணம் இல்லை. தீவுக்குள் பேருந்தும் இலவசம். சிலோசோ முனையில் 181 மீட்டர் நீள வான்பாலம், பதினொரு மாடி உயரம், மின்தூக்கி உண்டு. சக்கர நாற்காலியும் போகும். மறுமுனையில் கோட்டை, அதுவும் இலவசம்.

ஒரு எச்சரிக்கையும் தருகிறேன், எதிரணி பிடித்துக்கொள்ளட்டும். மெக்ரிட்சி மரவுச்சிப் பாலத்துக்குப் பாட்டியைக் கூட்டிப் போகாதீர்கள். தொங்குபாலம் 250 மீட்டர்தான், ஆனால் போய்த் திரும்பக் காட்டுக்குள் பல கிலோமீட்டர் நடை. ஒருவழிப் பாதை, நடுவில் திரும்ப முடியாது. திங்கட்கிழமை மூடியிருக்கும். பிளாஸ்டிக் பையில் பழம் கொண்டுபோனால் குரங்கு வாங்கிக்கொள்ளும், ரசீது தராது. நீங்களாகக் கொடுத்தால் அபராதம்.

இரவு விலங்குத் தோட்டத்துக்கு டிக்கெட் எடுங்கள், நான் தடுக்கவில்லை. 1994இல் உலகிலேயே முதலில் வந்த அப்படிப்பட்ட தோட்டம். பிள்ளைகள் இருந்தால் கட்டாயம் போகலாம். ஒரு இரவு, அவ்வளவுதான். மீதி நாளெல்லாம் என் பக்கம்.

மணி அடித்துவிட்டீர்கள், நடுவரே, ஒரு நிமிடம். கடைசி நாள் விமானத்துக்கு, வழக்கமாகக் கிளம்புவதைவிட இரண்டு மணி நேரம் முன்கூட்டியே கிளம்பி, சாங்கி விமான நிலையத்தை ஒட்டிய ஜுவலுக்குப் போய்விடுங்கள். 40 மீட்டர் அருவி, கூரையின் கீழ், குளிரில், காசில்லாமல். முதலில் விமான நிறுவனத்திடம் பெட்டிகளை முன்கூட்டியே ஒப்படைக்க முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஒருவர் பெட்டிக்குக் காவல் இருப்பார், மற்றவர்கள் அருவி பார்ப்பார்கள். விடியற்காலை விமானம் என்றால் முந்தின இரவே பார்த்துவிடுங்கள். அதிகாலையில் தண்ணீர் ஓடாது.

எதிரணியில் அடுத்துப் பேச வருபவருக்கு ஒரே ஒரு வேலை வைத்துவிட்டு உட்காருகிறேன். உங்கள் டிக்கெட்டுகளை எல்லாம் மேசையில் பரப்பி வையுங்கள். அதில் எந்த டிக்கெட்டின் பின்னால், பகோடா ஸ்ட்ரீட் பலகையில் இருப்பதுபோல நம் கோபுரம் ஒளிந்திருக்கிறது என்று எடுத்துக் காட்டுங்கள். நடுவரே, மணியிலிருந்து இனி கையை எடுக்கலாம்.