ட்ரான்ஸ்ஃபர் லிஸ்ட்டும் வந்தாச்சு, கிரைண்டரும் வந்தாச்சு! | எரேமியா 29

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். சவுண்ட் சரியா கேக்குதா? பக்கத்து மனையில போர்வெல் போடுறாங்க, காலையில இருந்து இதே இரைச்சல்தான். கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

முதல்ல, நீங்க எல்லாரும் கமெண்ட்ல கேட்டுக்கிட்டே இருக்கிற விஷயம். லிஸ்ட் வந்துடுச்சு. எங்க வீட்டுக்காரங்க பேரு அதுல இல்ல. பாளையங்கோட்டைக்குத் திரும்பிப் போறது இப்போதைக்கு இல்ல, ஓசூர்லயேதான். அழுகையெல்லாம் கேமரா ஆன் பண்றதுக்கு முன்னாடியே முடிச்சாச்சு, அதனால அதைப் பத்தி வேண்டாம்.

எனக்கு எரிச்சல் லிஸ்ட் மேல கூட இல்லங்க. ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு வெளிய வர்றேன், ஒரு அக்கா கையைப் பிடிச்சுக்கிட்டு, "கர்த்தருடைய வேளை வரும்மா, பொறுமையா இரு"ன்னாங்க. சரிக்கான்னு நகர்ந்தா, செருப்பு விடுற இடத்துல இன்னொரு அக்கா, அதே டயலாக். வீட்டுக்கு வந்தா ஒரு பார்சல். சொந்தத்துல ஒருத்தங்க ஆறுதலா அனுப்பியிருக்காங்க: எரேமியா 29:11 வசனம் போட்ட ஃபிரேம். இருங்க, காட்டுறேன். தெரியுதா? தங்கக் கலர் எழுத்து, ஓரத்துல ரெண்டு பட்டாம்பூச்சி. விலை ஸ்டிக்கரைக் கூடக் கிழிக்கல, 650 ரூபாய்! அட்டைங்க இது, மரம் கூட இல்ல. இதைப் பாருங்க, ஒரே வார்த்தையை உடைச்சு, "சமாதானத்துக்கே"ன்னு ஒரு வரி. கீழ தனியா "துவான". 650 ரூபாய் வாங்குறவங்க ஒரு தடவை வாசிச்சுப் பார்த்துட்டு அச்சடிக்கக் கூடாதா? நம்ம ஹவுஸ் ஓனர் சுவத்துல ஆணி அடிக்க விடமாட்டார், பழைய சப்ஸ்கிரைபர்ஸுக்கு அந்தக் கதை தெரியும். அதனால அது ஃபிரிட்ஜ் மேல சாஞ்சு நிக்குது.

அந்தக் கடுப்புல வேதாகமத்தை எடுத்து அந்த அதிகாரத்தை முதல்ல இருந்து வாசிச்சேன். "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு"ன்னு வருதுல்ல, அதுக்கு நேர் மேல, பத்தாவது வசனத்துல என்ன இருக்கு தெரியுமா? பாபிலோன்ல எழுபது வருஷம் முடிஞ்ச பிறகுதான் உங்களைச் சந்திப்பேன்னு இருக்கு. எழுபது! அதை எந்த ஃபிரேம்லயாவது பார்த்திருக்கீங்களா?

அது ஒரு கடிதம்ங்க. கி.மு. 597-ல யூதாவோட ராஜா எகொனியாவையும் கைவினைக்காரங்களையும் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் பிடிச்சுக்கிட்டுப் போனான்ல, அந்த ஜனங்களுக்கு எருசலேம்ல இருந்து எரேமியா தீர்க்கதரிசி எழுதி அனுப்பினது. அவங்க எப்படா ஊருக்குத் திரும்பலாம்னு உக்காந்திருக்காங்க. கடிதத்துல அவர் சொல்றது என்ன? வீடு கட்டுங்க, குடியிருங்க. தோட்டம் போடுங்க, அதுல விளையுறதைச் சாப்பிடுங்க. பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணி வைங்க. நீங்க இருக்கிற அந்தப் பட்டணம் நல்லா இருக்கணும்னு ஜெபம் பண்ணுங்க. யாரு பட்டணம்? பிடிச்சுக்கிட்டுப் போனவன் பட்டணம்!

ஐயோ, ஒண்ணை விட்டுட்டேன். இதுக்கு முந்தின அதிகாரத்துல அனனியான்னு ஒரு பொய்த் தீர்க்கதரிசி வர்றான். அவன் என்ன சொல்றான்னா, ரெண்டே வருஷம், எல்லாரும் திரும்பி வந்துடுவாங்கன்னு. சொல்லிட்டு, பாபிலோனுக்கு அடங்கி இருக்கணும்ங்கிறதுக்கு அடையாளமா எரேமியா கழுத்துல போட்டிருந்த மர நுகத்தைப் பிடுங்கி உடைக்கிறான். ஜனங்களுக்கு யாரைப் பிடிச்சிருக்கும், சொல்லுங்க? எனக்கே அனனியாவைத்தான் பிடிச்சிருக்கும். அந்த வருஷமே அவன் செத்துப்போறான், அது வேற.

கடிதம் போய்ச் சேர்ந்ததும் பாபிலோன்ல இருந்து செமாயான்னு ஒருத்தன் எருசலேமுக்குப் பதில் கடிதம் போடுறான். இந்த ஆளு "நாள் ஆகும், வீடு கட்டுங்க"ன்னு எழுதியிருக்கான், இவனைப் பிடிச்சுத் தொழுமரத்துல, அதான் தண்டனைக் கட்டையில, மாட்டாம என்ன பண்றீங்கன்னு. எனக்குச் சிரிப்பு அடக்க முடியல. இதை வாசிக்கவே இவ்வளவு கோபம் வருதுன்னா, அங்க உக்காந்து கேட்டவங்களுக்கு எப்படி இருந்திருக்கும்? அதுல நடுவயசுக்காரங்க யாரும் திரும்பி வந்திருக்க மாட்டாங்க. பெர்சிய ராஜா கோரேஸ் போகலாம்னு விட்டது கி.மு. 538 வாக்குல. இவங்க கட்டின வீட்டுல இருந்து பேரப்பிள்ளைங்கதான் கிளம்பியிருக்கும்.

காத்திருக்கிறதுன்னா வாயை மூடிக்கிட்டு இருக்கணும்னும் யாரும் சொல்லாதீங்க. 13-ஆம் சங்கீதத்துல தாவீது "எதுவரைக்கும்"னு நாலு தடவை கேக்குறார். நானும் கேட்டேன். கேட்டுட்டு, பெட்டியைப் பிரிச்சேன்.

ஆமா, ஹாலுக்குப் பின்னாடி பிரிக்காமயே பெட்டிங்களை அடுக்கி வெச்சிருந்தது வீடியோவுல தெரியும்ல, எல்லாத்தையும் பிரிச்சாச்சு. அதைவிடப் பெரிய விஷயம், கிரைண்டர் வந்தாச்சு! "எப்படியும் திரும்பி வரப்போறோம்"னு பாளையங்கோட்டையில அம்மா வீட்டுல போட்டுட்டு வந்தோம்ல, அந்தப் பழைய கிரைண்டர். இத்தனை நாள் பாக்கெட் மாவு. அந்தப் புளிப்பு இருக்கே, எனக்கு ஆகவே ஆகாதுங்க. பார்சல் சர்வீஸ்ல 700 ரூபாய், ஓசூர் குடோன் வரைக்கும்தான். வீட்டுக்குக் கொண்டுவர தனியா 300 கேட்டாங்க. நான் விடுவேனா? கல்லைத் தனியா, டிரம்மைத் தனியா ஸ்கூட்டில வெச்சு நானே கொண்டுவந்தேன். 300 மிச்சம்! எங்க வீட்டுக்காரங்க, "700 குடுத்தவளுக்கு 300-ல என்ன"ன்னாங்க. அவங்களுக்குப் புரியாது.

அப்புறம் எரேமியா 32-ஐயும் வாசிங்க. எருசலேமைச் சுத்தி பாபிலோன் படை முற்றுகை, எரேமியா காவல்ல இருக்கார், அப்போ போய்த் தன் சொந்த ஊர் ஆனதோத்ல நிலம் வாங்குறார், பதினேழு சேக்கல் வெள்ளிக்கு. சாட்சி வெச்சு, பத்திரம் எழுதி, கெடாம இருக்கணும்னு மண்பாண்டத்துல போட்டு வைக்கிறார். எதிரி கையில போகப்போற ஊர்ல நிலம்! அதை அடுத்த வீடியோவுல தனியாப் பேசலாம், அந்தப் பத்திர விவரம் எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு.

இட்லி அரிசி காலையிலயே ஊறப்போட்டேன். உளுந்தை முதல்ல அரைக்கணும், கரண்ட் போறதுக்குள்ள. வர்றேன், ஸ்தோத்திரம்.