அவளுக்கு முடிவு எழுதுகிறவர் யார்?

(கிளிநொச்சியில் நடந்த வாசகர் கூடல் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையில் இருக்கிற பெரியவர்களுக்கும், ரியூசன் முடிந்து நேரே வந்து முன்வரிசையில் இருக்கிற பிள்ளைகளுக்கும் என் வணக்கம்.

நாவல்களில் வரும் பெண்களைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு மாலைக்குள் அடங்குகிற விஷயமில்லை. அதனால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நாவல் முடியும்போது அதில் வரும் பெண்ணுக்கு என்ன நடக்கிறது? அந்த முடிவை உண்மையில் யார் எழுதுகிறார்கள்? அட்டையில் எழுத்தாளரின் பெயர் இருக்கும். ஆனால் பல நாவல்களின் கடைசி அத்தியாயத்தை ஊர்ச் சனம்தான் எழுதியிருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

இதற்கு நல்ல சாட்சி ஜெயகாந்தன். 1966 இல் ஆனந்த விகடனில் அவருடைய 'அக்கினிப் பிரவேசம்' என்ற சிறுகதை வந்தது. மழை நாளில் பஸ்ஸுக்குக் காத்து நிற்கிற கல்லூரி மாணவி ஒருத்தியை ஒருவன் காரில் ஏற்றிக்கொண்டு போய்க் கெடுத்துவிடுகிறான். வீட்டுக்கு வந்து தாயிடம் சொல்கிறாள். தாய் முதலில் பதறுகிறாள், அடிக்கிறாள். பிறகு மகளின் தலையில் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று தேற்றுகிறாள். கதை அவ்வளவுதான். வாசகர்களிடமிருந்து பெரிய எதிர்ப்பு வந்தது. அந்தத் தாய் செய்தது சரியா, பிழையா என்று ஊரே வாதாடியது.

அதன் பிறகு அவர் செய்ததுதான் முக்கியம். அந்தத் தாய் அப்படி நடக்காமல், கத்திக் கூப்பாடு போட்டு ஊருக்கெல்லாம் தெரியவைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒரு நாவலே எழுதினார். அதுதான் 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. அதில் வரும் கங்காவை அண்ணன் வீட்டைவிட்டுத் துரத்துகிறான். படிக்க வைக்கிற மாமாவே அவளைத் தப்பான கண்ணோடு பார்க்கிறார். அவள் படித்து, நல்ல வேலையில் இருந்து, சொந்தக் காலில் நிற்கிறாள். ஆனாலும் அந்த ஒரு மழைநாள்தான் அவளுடைய அடையாளமாக இருக்கிறது. சிறுகதையில் ஒரு குடம் தண்ணீரோடு முடிந்த விஷயம், நாவலில் ஒரு ஆயுள் முழுவதும் நீள்கிறது. நடந்த சம்பவம் இரண்டிலும் ஒன்றுதான். வாயை மூடிய தாய்க்கும் வாயைத் திறந்த தாய்க்கும் உள்ள வித்தியாசம்தான் ஒரு பெண்ணின் முழு வாழ்க்கை. இதைவிடத் தெளிவாகத் தமிழில் யாரும் காட்டியதாக எனக்குத் தெரியவில்லை.

இது தமிழ்ச் சமூகத்துக்கு மட்டும் உரிய நோயும் இல்லை. 1857 இல் பாரிஸ் நீதிமன்றத்தில் பிரெஞ்சு எழுத்தாளர் ஃப்ளோபேரின் 'மதாம் பொவாரி' நாவல் மீது, ஒழுக்கத்தைக் கெடுக்கிறது என்று வழக்குப் போட்டார்கள். அதில் வரும் எம்மா கணவனை மீறி வேறு ஆண்களோடு உறவு வைத்தவள். ஃப்ளோபேருக்காக வாதாடியவர், அந்தப் பெண் செய்ததற்கான துன்பத்தை அனுபவித்துச் சாகிறாளே, இது ஒழுக்கத்தைப் போதிக்கிற புத்தகமல்லவா என்ற வழியில் வாதாடினார். எழுத்தாளர் விடுதலையானார். எம்மா நஞ்சு தின்று செத்ததால் புத்தகத்தைக் காப்பாற்ற ஒரு வாதம் கிடைத்தது. அவள் சாகாமல் இன்னொரு ஊருக்குப் போய்ச் சந்தோஷமாக வாழ்ந்திருந்தால் அந்த வழக்கறிஞர் எதைச் சொல்லியிருப்பார்?

எங்கள் நாவல் பிறந்த கதையும் அதுதான். 1879 இல் வந்த 'பிரதாப முதலியார் சரித்திரம்' நூலில் ஞானாம்பாள் ஒரு நாட்டையே ஆள்கிறாள். நீதி சொல்கிறாள், நிர்வாகம் செய்கிறாள். ஆனால் ஆண் வேடத்தில். பிறகு அரசை விட்டுவிட்டுத் திரும்பவும் மனைவியாகிறாள். அதை எழுதிய வேதநாயகம் பிள்ளை பெண்கல்விக்காகக் குரல் கொடுத்தவர். அவரை நான் குறை சொல்ல வரவில்லை. அந்தக் காலத்துச் சனம் ஏற்றுக்கொள்ளக்கூடிய எல்லை அவ்வளவுதான் இருந்தது, அவர் அந்த எல்லைவரை போனார். இங்கே ஈழத்தில் 1914 இல் மங்களநாயகம் தம்பையா என்ற பெண்ணே 'நொறுங்குண்ட இருதயம்' எழுதினார். தலைப்பே அந்தக் காலத்துப் பெண்ணின் நிலையைச் சொல்லிவிடுகிறது.

தி. ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்' இன்னும் சிக்கலானது. அலங்காரம் தவறியவள் என்று ஊரும் வாசகரும் சொல்லும் ஒரு தாய். அவளை அவர் அழுக்காக்கவில்லை. கம்பீரமாக வைத்திருக்கிறார். ஆனால் முடிவில் அவள் காசிக்குப் போகிறாள். அவளோடு உறவு வைத்திருந்த சிவசு எங்கே போனான்? அவனுக்கு எந்தக் காசியும் இல்லை. இந்தக் கேள்வியை நான் கேட்டபோதெல்லாம் கூட்டத்தில் ஒரு அமைதி வரும். ஏனென்றால் வாசிக்கும்போது நாங்களும் அவனைப் பற்றி யோசித்திருக்க மாட்டோம்.

சரி, வன்னிக்கு வருவோம். இந்த மண்ணின் நாவல் என்றால் முதலில் நினைவுக்கு வருவது பாலமனோகரனின் 'நிலக்கிளி', 1973 இல் வீரகேசரி வெளியீடாக வந்தது. களம் தண்ணிமுறிப்பு. காடும் குளமும் வயலும் அதில் மணக்கும். பதஞ்சலி காட்டோரம் வளர்ந்தவள், ஊர்ப் பேச்சின் கணக்கு வழக்குகள் தெரியாதவள். கதிராமன் தகப்பனை எதிர்த்து அவளைக் கைப்பிடிக்கிறான். பிறகு அந்த வாழ்க்கைக்குள் சுந்தரலிங்கம் என்ற வாத்தியார் வருகிறார். மீதியை நீங்கள் வாசிக்க வேண்டும், நான் சொல்லிக் கெடுக்கமாட்டேன். ஆனால் ஒன்று கவனித்திருக்கிறேன். இந்த நாவலைப் பற்றிக் கதைக்கிற இடத்தில் யார் பிழை என்று கேட்டால், முதலில் வருகிற பெயர் பதஞ்சலி. படித்தவர், உலகம் தெரிந்தவர் வாத்தியார். அவர் பெயர் பிறகுதான் வரும். அவளை உருவாக்கிய எழுத்தாளர் அவளிடம் அன்போடு இருக்கிறார். தீர்ப்பு வாசகரிடமிருந்துதான் வருகிறது.

அந்தத் தீர்ப்பு புத்தகத்தை மூடியதும் நின்றுவிடுவதில்லை. 2009 க்குப் பிறகு இந்த மாவட்டங்களில் எத்தனை வீடுகளைப் பெண்கள் தனியே தூக்கி நிறுத்தினார்கள்! புருஷனைப் பறிகொடுத்தவள், காணாமல் போனவனைத் தேடிக்கொண்டே பிள்ளை வளர்ப்பவள், இயக்கத்தில் இருந்து திரும்பி வந்தவள். நுண்கடன்காரன் வாசலில் நின்றாலும் பேச்சு அவளைப் பற்றித்தான். பின்னேரம் சந்தைக்குப் போய் இருட்டி வந்தாலும் பேச்சு. மறுமணம் செய்தால் ஒரு பேச்சு, செய்யாவிட்டால் இன்னொரு பேச்சு. முன்னாள் போராளிப் பிள்ளைக்குக் கல்யாணம் பேசப் போன இடத்தில் கேட்ட கேள்விகளை நான் இங்கே திரும்பச் சொல்ல விரும்பவில்லை. அலங்காரத்தையும் பதஞ்சலியையும் வாசித்த அதே கண்ணால்தான் நாங்கள் பக்கத்து வளவுப் பெண்ணையும் வாசிக்கிறோம். அதனால்தான் நாவலை எப்படி வாசிக்கிறோம் என்பது எனக்கு இவ்வளவு பெரிய விஷயமாகப் படுகிறது.

எங்களிடம் வேறொரு மரபும் இருக்கிறது. நாவலல்ல, ஆனாலும் சொல்ல வேண்டும். வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலுக்குப் போகாத வன்னியான் யார்? அங்கே கும்பிடுவது அரசனின் சபைக்குள் தனியே நுழைந்து, நீ கொடுத்த தீர்ப்புப் பிழை என்று நிரூபித்த ஒரு பெண்ணை. சிலம்பு கூறலில் அந்தக் கதையைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்டிருக்கிறோம். ஆனால் வீட்டில் பெண்பிள்ளைக்குக் கண்ணகியைச் சொல்லும்போது பொறுமையை மட்டும் சொல்கிறோம். அவளுடைய வழக்கைச் சொல்வதில்லை. கோபப்பட்ட பெண்ணைத் தெய்வமாக்கத் தெரிந்த ஊருக்கு, கோபப்படுகிற பெண்ணை நாவலில் ஏற்றுக்கொள்வது ஏன் இவ்வளவு கடினமாக இருக்கிறது?

எழுதுகிற தம்பி தங்கைகளிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் கதையில் வரும் பெண் ஊர் ஒப்பாத ஒன்றைச் செய்தால், உடனே அவளைக் கிணற்றில் தள்ளிவிடாதீர்கள். பைத்தியமாக்காதீர்கள். மறுநாள் காலை அவள் எழும்பட்டும், தேத்தண்ணி போடட்டும், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பட்டும், வேலைக்குப் போகட்டும். எழுதுவதற்குக் கடினமானது அந்த மறுநாள்தான். சாவு எழுதச் சுலபம்.

தமிழ்க்கவி அதைச் செய்திருக்கிறார். 2013 இல் வந்த 'ஊழிக்காலம்' நாவலில், கடைசி யுத்தத்தின் இடப்பெயர்வுக்குள் பேரப்பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடுகிற வயதான ஒரு பெண் இருக்கிறாள். அவளுக்கு அழ நேரமில்லை. அரிசி தேட வேண்டும், பங்கர் வெட்ட வேண்டும். தியாகி என்றோ பாவி என்றோ அவளை ஒரு பெட்டிக்குள் போட்டு மூட முடியாது.

அடுத்த கூடலுக்கு அந்த நாவலையே வைத்துக்கொள்வோம். புத்தகம் கிடைக்காதவர்கள் என்னிடம் வாங்கிக்கொள்ளுங்கள், ஆளுக்கு ஒரு கிழமை என்று மாற்றி மாற்றி வாசிக்கலாம். வாசிக்கும்போது எந்த இடத்தில் அவளை உங்களுக்குப் பிடிக்காமல் போனது, ஏன் பிடிக்காமல் போனது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு வாருங்கள். அந்தக் குறிப்புகளிலிருந்தே பேச்சைத் தொடங்குவோம்.