கண்ணுக்குத் தெரியாமல் வளர்க்கப்பட்ட உயிர்: பீர் ஈஸ்ட்

[திரையில்: நுண்ணோக்கியின் கீழ் மொட்டு விடும் ஈஸ்ட் செல்கள்]

1516-இல் பவேரியாவில் ஒரு சட்டம் வந்தது. பார்லி, கசப்புச் சுவை தரும் ஹாப்ஸ் பூ, தண்ணீர்: பீரில் இவற்றைத் தவிர வேறெதுவும் சேரக் கூடாது. சர்க்கரையை ஆல்கஹாலாக மாற்றும் நுண்பூஞ்சையான ஈஸ்ட்டைப் பற்றி அதில் பேச்சே இல்லை. அது ஓர் உயிர் என்று அன்று யாருக்கும் தெரியாது. தொட்டியில் மிஞ்சிய, ஈஸ்ட் அடங்கிய வண்டலை எடுத்து அடுத்த தொட்டியில் ஊற்றுவார்கள், அவ்வளவுதான்.

இந்த ஈஸ்ட்டுக்கு ஒரு விநோதமான பழக்கம் உண்டு. சர்க்கரையை ஆக்சிஜனோடு சேர்த்து எரித்தால் பல மடங்கு ஆற்றல் கிடைக்கும். ஆனாலும் சர்க்கரை மிகுதியாக இருந்தால், ஆக்சிஜன் இருக்கும்போதே அது சர்க்கரையை ஆல்கஹாலாக மாற்றும் நொதித்தலில் இறங்கிவிடுகிறது. இதற்குக் கிராப்ட்ரீ விளைவு என்று பெயர். வீண்செலவு போலத் தெரியும். ஆனால் சர்க்கரை வேகமாகத் தீர்கிறது. உருவாகும் ஆல்கஹால் போட்டி நுண்ணுயிர்களை முடக்குகிறது. களம் காலியானதும் அந்த ஆல்கஹாலையே ஈஸ்ட் உண்ணத் தொடங்குகிறது. எதிரிக்கு வைத்த நஞ்சையே பிறகு விருந்தாக்கிக்கொள்ளும் இந்தத் தந்திரத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை!

[திரையில்: ஒரே தொட்டியின் வண்டல் தொட்டி தொட்டியாக மாறிச் செல்கிறது]

வண்டலை மாற்றி மாற்றி ஊற்றியதில்தான் ஈஸ்ட் வீட்டு உயிரானது. 157 ஈஸ்ட் வகைகளின் மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்டு 2016-இல் வெளிவந்த ஆய்வு அதன் தடயங்களைக் காட்டியது. முளைகட்டி உலர்த்திய தானியமான மால்ட்டில் உள்ள மால்டோட்ரையோஸ் என்ற சர்க்கரையைப் பல பீர் ஈஸ்ட்டுகள் நன்றாகச் செரிக்கின்றன. காட்டு ஈஸ்ட்டுகளுக்கு அது எளிதில் வசப்படுவதில்லை. பாலினப்பெருக்கம் செய்யும் திறனைப் பல வகைகள் இழந்துவிட்டன. தொட்டிக்குள் மொட்டு விட்டே காலம் தள்ளலாம் என்றால் துணை எதற்கு? பீரில் கிராம்பு வாசனையை உண்டாக்கும் இரண்டு மரபணுக்களும் பெரும்பாலான வகைகளில் பழுதாகிக் கிடக்கின்றன. அந்த வாசனை பிடிக்காதவர்கள், தாங்கள் என்ன செய்கிறோம் என்று அறியாமலே, அதைத் தராத வண்டலைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். ஜெர்மானியக் கோதுமை பீரில் மட்டும் அந்த மணம்தான் சிறப்பு. அங்கே மரபணுக்கள் பழுதாகாமல் பிழைத்தன.

1857-க்குப் பின் பிரெஞ்சு அறிவியலாளர் லூயி பாஸ்டர், நொதித்தல் உயிருள்ள செல்களின் வேலை என்று நிறுவினார். 1883-இல் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தின் எமில் கிறிஸ்டியன் ஹான்சன், குளிரில் நொதிக்கும் பீர் வகையான லாகருக்குரிய தூய ஈஸ்ட்டை ஒற்றைச் செல்லிலிருந்து வளர்த்தெடுத்தார்.

[திரையில்: படகோனியாவின் பீச் மரக்காடு]

ஆனால் லாகர் ஈஸ்ட்டின் பிறப்பிலேயே ஒரு புதிர் இருந்தது. அது ஒரு கலப்பினம். ஒரு பெற்றோர், லாகரைவிடக் கூடுதல் வெப்பத்தில் நொதிக்கும் ஏல் பீரின் ஈஸ்ட் இனமான சாக்கரோமைசஸ் செரெவிசியே. குளிரைத் தாங்கும் இன்னொரு பெற்றோரைக் காணவில்லை. 2011-இல் அர்ஜென்டினாவின் படகோனியாவில், பீச் மரங்களில் பூஞ்சையால் உண்டாகும் கட்டிகளில் அது அகப்பட்டது. லாகர் ஈஸ்ட்டின் மறுபாதி மரபணுத் தொகுதியோடு 99.5 சதவீதம் ஒத்துப்போன அந்த இனத்துக்கு சாக்கரோமைசஸ் யூபயானஸ் என்று பெயரிட்டார்கள். பின்னர் திபெத்திலும் அயர்லாந்திலும் அதே இனம் கிடைத்தது.

காணாமல்போன பெற்றோர் கைக்கு வந்துவிட்டதால், ஆய்வகங்கள் இப்போது அதை வெவ்வேறு ஏல் ஈஸ்ட்டுகளோடு கலந்து புதிய லாகர் ஈஸ்ட்டுகளை உருவாக்கிவருகின்றன.